பாம்புக்கடி: விஷம் முறிந்தும் வீக்கம் வடியாதது ஏன்?

பாம்புக்கடியைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தில் வந்து நிற்கின்றன. கடிபட்ட பிறகு வரும் வீக்கம், நெறி, தடிப்பு, ஒரு வாரம் கழித்து வரும் காய்ச்சல், இதெல்லாம் விஷம் செய்வதா, மருந்து செய்வதா, உடம்பே செய்துகொள்வதா? மருத்துவக் குழுவினர் பதில் தருகிறார்கள்.

என் தம்பியைக் கரும்புத் தோட்டத்தில் கண்ணாடி விரியன் கணுக்காலில் கடித்துவிட்டது. ஒன்றரை மணி நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்து 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அன்று இரவே ‘ரத்தம் உறைய ஆரம்பித்துவிட்டது’ என்றார் மருத்துவர். ஆனால் வீக்கம் மட்டும் மறுநாளும் ஏறி முழங்காலைத் தாண்டியது. மருந்து வேலை செய்ததா இல்லையா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

வேலை செய்திருக்கிறது. ரத்தம் உறைந்ததே அதற்குச் சாட்சி. வீக்கத்தின் கணக்கு வேறு.

கண்ணாடி விரியனின் விஷம் பல நொதிகளின் கலவை. அதில் இரண்டைத் தெரிந்துகொண்டால் உங்கள் தம்பியின் காலில் நடந்தது புரிந்துவிடும். முதலாவது, பாஸ்போலிப்பேஸ் ஏ2. செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வை இது வெட்டுகிறது. வெட்டுப்பட்டு விழும் துண்டுகளில் ஒன்று அராக்கிடோனிக் அமிலம். அதை மூலப்பொருளாக வைத்து நம் செல்களே ப்ராஸ்டாகிளாண்டின்களையும் லூகோட்ரையீன்களையும் தயாரிக்கின்றன. கடிவாயில் எரிச்சல், சூடு, சிவப்பு, வீக்கம் எல்லாம் இவற்றின் வேலை. இரண்டாவது, மெட்டலோபுரோட்டியேஸ் என்ற துத்தநாகம் தாங்கிய நொதி. மயிரிழை போன்ற ரத்த நுண்குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் அடிச்சவ்வை இது அறுத்துவிடும். தையல் பிரிந்த சாக்கிலிருந்து தானியம் ஒழுகுவதுபோல, குழாய்க்குள் இருக்கும் நீரும் ரத்தமும் தசையிடுக்கில் கசிகின்றன. கடித்த சில நிமிடங்களிலேயே இது தொடங்கிவிடும்.

இதற்குப் பிறகுதான் உடம்பின் முறை. உடைந்த செல்லுக்குள் இருந்த ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு, செல்லின் ஆற்றல்கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ போன்றவை வெளியே கொட்டுகின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் பூர்வீகம் பாக்டீரியா. அதனால் காவலுக்கு நிற்கும் மேக்ரோஃபேஜ் செல்களுக்கு, கிருமி புகுந்தால் கேட்கும் அபாயமணியே இங்கும் கேட்கிறது. அவை டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 6 போன்ற செய்திப் புரதங்களை அனுப்புகின்றன. ரத்தக் குழாய்கள் இன்னும் விரிகின்றன, நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. ரத்தத்தில் சும்மா மிதந்துகொண்டிருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற பாதுகாப்புப் புரதங்களை விஷம் நேரடியாகவே தட்டி எழுப்புகிறது. அவற்றிலிருந்து பிரியும் சி3ஏ, சி5ஏ துண்டுகள், மாஸ்ட் செல்கள் என்ற இன்னொரு வகைக் காவல் செல்களிலிருந்து, வீக்கத்தைக் கூட்டும் ஹிஸ்டமினைக் கொட்டவைக்கின்றன. இந்தத் தொடருக்குத்தான் அழற்சி என்று பெயர். இவ்வளவும் தொடங்கிய பிறகு, தொடர்ந்து நடக்க விஷமே தேவையில்லை.

விஷமுறிவு மருந்தால் இந்தத் தொடரை நிறுத்த முடியாது. அது ரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடித்து முடக்கும். ஆனால் அதன் மூலக்கூறு பெரியது, தசைக்குள் மெதுவாகத்தான் இறங்கும். அறுந்த குழாயை ஒட்டவைக்கவும் அதற்குத் தெரியாது. ஆகவே விஷம் முழுக்க முறிந்த பிறகும் வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறலாம். வடிய வாரக்கணக்கில் ஆகலாம். சீக்கிரம் மருந்து போட வேண்டும் என்று தலையால் அடித்துக்கொள்வது இதற்காகத்தான். முதல் ஒரு மணி நேரத்தில் பிடிபடும் விஷம், பிறகு வரும் அழற்சியின் அளவையே குறைத்துவிடும்.

மருந்து போதுமா என்பதை வீக்கத்தை வைத்து முடிவு செய்வதில்லை, ரத்தத்தை வைத்துத்தான். கழுவாத, காய்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் நிறுத்தி, பிறகு ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். ஜெல்லி மாதிரி நின்றால் உறைகிறது, தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் இன்னும் வேலை செய்கிறது. கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தொடங்கிவைக்கிறது. பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தமே உறையாமல் ஏமாற்றும். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மி.கி. விஷம் இறக்குகிறது. 10 மி.லி. குப்பி ஒன்று அதில் 6 மி.கி.யை முறிக்கும். 10 குப்பி என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது. மறுபரிசோதனை 6 மணி நேரம் கழித்துத்தான். விஷம் தீர்த்துவிட்ட உறைபுரதங்களைக் கல்லீரல் மறுபடி தயாரிக்க அவ்வளவு நேரம் வேண்டும்.

வீட்டார் செய்யக்கூடிய உருப்படியான வேலை ஒன்று உண்டு. வீக்கம் முடியும் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். முதல் சில மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு சற்று இடைவெளி விட்டு. ‘ஏறிக்கிட்டே இருக்கு’ என்பதைவிட, ‘மூன்று மணிக்கு இங்கே, ஐந்து மணிக்கு இங்கே’ என்ற இரண்டு கோடுகள் மருத்துவருக்கு ஆயிரம் மடங்கு உதவும். கால் விரலை மெல்ல மடக்கினாலே உயிர் போகிற வலி, விரல் மரத்துப்போதல், வெளிறிச் சில்லிட்டுப் போதல் இருந்தால் உடனே சொல்லுங்கள். தசையறைக்குள் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். அதற்காகத் தோலைக் கீறித் திறக்கும் அறுவை அபூர்வமாகத்தான் தேவைப்படும், அதுவும் ரத்தம் உறையத் தொடங்கிய பிறகே. உறையாத ரத்தத்தோடு கத்தி வைத்தால் நிற்காத ரத்தப்போக்கில் கொண்டுபோய் விட்டுவிடும்.

இன்னொன்று. காது மடலுக்குக் கீழே கன்னம் இரண்டு பக்கமும் உப்பினாலோ, கண்ணின் வெள்ளைப் பகுதி நீர் கோத்துப் பிதுங்கினாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். கடிபட்ட காலில் நடந்த கசிவு உடம்பு முழுக்க நடக்கிறது என்று பொருள். அடுத்து ரத்த அழுத்தம் விழும், நுரையீரலில் நீர் சேரும், சிறுநீரகம் அடிவாங்கும்.

சுருட்டை விரியன் கையில் கடித்த என் மாமியாருக்கு அக்குளில் நெறி கட்டியது. ‘விஷம் நெஞ்சுக்கு ஏறுது’ என்று முழங்கைக்கு மேல் கயிறு கட்டினார்கள். சரியா?
– வாசகி, மணப்பாறை

நெறி கட்டியதைக் கவனித்தது மிகச் சரி. கயிறு கட்டியது தவறு.

விஷத்தின் பெரிய மூலக்கூறுகள் நேரே ரத்தத்துக்குள் நுழைவதில்லை, நிணநீர்க் குழாய்கள் வழியாகப் போகின்றன. கைக்கு அக்குளிலும், காலுக்குத் தொடை இடுக்கிலும் உள்ள நிணநீர் முடிச்சுகள்தான் முதல் சோதனைச் சாவடி. அங்கே எதிர்ப்புச் செல்கள் விஷத்தை முதன்முதலாகச் சந்திக்கும்போது முடிச்சு வீங்கி வலிக்கிறது. அதாவது, கடித்த பாம்பு விஷத்தை இறக்கியிருக்கிறது. தொட்டால் வலிக்கும் நெறி, சில மணி நேரத்துக்குள் மணிக்கட்டையோ கணுக்காலையோ தாண்டும் வீக்கம், பாதிக் கைக்கு மேல் ஏறிய வீக்கம், இவை ஒவ்வொன்றும் விஷமுறிவு மருந்து தொடங்குவதற்கான காரணங்கள்தாம். நெறியை மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நிணநீருக்கு இதயம் மாதிரி பம்பு கிடையாது, தசை சுருங்கினால்தான் அது நகரும். ஆகவே கையை அசைக்காமல் பலகை வைத்துத் துணியால் தளரச் சுற்றி, கழுத்தில் தூளி கட்டிவிட்டாலே விஷத்தின் வேகம் குறையும். காலில் கடித்திருந்தால் நடக்கவே கூடாது, தூக்கிக்கொண்டு போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கயிறு கட்டினால், செல்களைக் கரைக்கும் அந்த நொதிகள் ஒரே இடத்தில் தேங்கி, ரத்தமும் கிடைக்காமல் விரல் கறுத்துப்போகும். ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்கவும் வேண்டாம். தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் உடம்புக்குள் பாயும். சிரையில் ஊசி ஏற்றி, மருந்தும் ஆக்ஸிஜனும் தயாராக இருக்கும் இடத்தில்தான் அவிழ்க்க வேண்டும். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கடித்த உடனேயே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கட்டுவிரியன் கடித்தால் வீக்கமே இல்லையே, ஏன்?
– வாசகர், ஆண்டிபட்டி

அதன் முக்கிய நச்சிலும் பாஸ்போலிப்பேஸ் உண்டு. ஆனால் அது நரம்பின் நுனியைக் குறிவைத்துப் போய் ஒட்டிக்கொள்ளும் வகை. கடிவாயில் செல்கள் உடையாததால் அபாயமணி அடிப்பதில்லை, அழற்சியும் இல்லை. எறும்பு கடித்த அளவுக்குக்கூடத் தடம் தெரியாது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்து, இமை தூக்க முடியாமல் போனால் கட்டுவிரியனை நினையுங்கள். வீக்கம் இல்லை என்று வீட்டில் வைத்திருந்து இழந்த உயிர்கள் ஏராளம்.

விஷமுறிவு மருந்து போட்டதும் அலர்ஜி வந்து உயிர் போய்விடும் என்கிறார்களே, முதலில் தோலில் ‘டெஸ்ட் டோஸ்’ போட்டுப் பார்க்கக் கூடாதா?
– வாசகி, திண்டிவனம்

என் தந்தைக்கு மருந்து ஏற்றுமுன் தோலுக்கு அடியில் சிறிய ஊசி ஒன்று போட்டார்கள். அது டெஸ்ட் டோஸா?
– வாசகர், வவுனியா

இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லலாம்.

விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் மிகச் சிறு அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டிக் குதிரைக்கு ஊசி போடுவார்கள். இந்தியாவில் இதற்கான விஷத்தின் பெரும்பங்கு, 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் வடநெம்மேலிப் பண்ணையிலிருந்து போயிருக்கிறது. விஷத்தோடு, வேண்டுமென்றே அழற்சியைத் தூண்டும் துணைப்பொருளையும் சேர்ப்பார்கள். அழற்சி இருந்தால்தான் குதிரையின் உடம்பு எதிர்ப்புரதத்தை மும்முரமாகச் செய்யும். அதைப் பிரித்து, பெப்சின் நொதியால் வால் பகுதியை நறுக்கிவிட்டுக் குப்பியில் அடைக்கிறார்கள். எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது குதிரைப் புரதம். நம் உடம்புக்கு அந்நியம்.

ஆனால் அதற்கு வரும் உடனடி எதிர்வினை, வேர்க்கடலை அலர்ஜி போல ஐஜிஇ எதிர்ப்புரதத்தால் பெரும்பாலும் வருவதில்லை. மருந்துப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு காம்ப்ளிமென்டைத் தட்டி எழுப்புவதால் வருவது. தோல் பரிசோதனை கண்டுபிடிப்பதோ ஐஜிஇ-யை. கேள்வி ஒன்று, விடை இன்னொன்று. டெஸ்ட் டோஸில் ஒன்றுமே இல்லாதவருக்கும் மருந்தில் எதிர்வினை வரும், தடித்தவருக்கு வராமலும் போகும். நடுவில் பொன்னான நேரம் வீணாகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்கிறது.

வவுனியா வாசகருக்கு: அது டெஸ்ட் டோஸ் இல்லை, அநேகமாக எதிர்வினையைத் தடுக்க முன்கூட்டியே போடும் அட்ரினலின். 2011-இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்றில் 1,007 நோயாளிகளைப் பார்த்தார்கள். மருந்துக்குச் சற்று முன்னால் 0.25 மி.கி. அட்ரினலினைத் தோலுக்கு அடியில் போட்டதில், முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான எதிர்வினை 43 சதவீதம் குறைந்தது. அதே நோக்கத்துக்காகக் கொடுத்த ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டாலும் ப்ரொமெத்தஸின் என்ற அலர்ஜி மருந்தாலும் அப்படிப் பலன் கிடைக்கவில்லை.

எதிர்வினை பொதுவாக மருந்து தொடங்கிய 10 நிமிடத்திலிருந்து 3 மணி நேரத்துக்குள் வரும். முதல் அறிகுறி பலருக்கும் அரிப்புத்தான், அதுவும் தலையில். பிறகு தடிப்பு, இருமல், வயிற்றைப் பிசைதல், வாந்தி, படபடப்பு. தலையைச் சொறிய ஆரம்பித்தாலே செவிலியரைக் கூப்பிடுங்கள். மருந்தை நிறுத்தி, பெரியவருக்கு 0.5 மி.கி. அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போடுவார்கள். அடங்கவில்லையென்றால் 5 முதல் 10 நிமிடத்தில் இன்னொன்று. அடங்கியதும் அதே விஷமுறிவு மருந்தை மெதுவாக மறுபடி தொடங்க வேண்டும். ‘அலர்ஜி வந்துவிட்டது, இனி வேண்டாம்’ என்று உறவினர்கள் கையெழுத்துப் போட்டு அழைத்துப்போவதுதான் நெஞ்சைப் பதறவைக்கிறது. எதிர்வினைக்கு மருந்து இருக்கிறது. முறியாத விஷத்துக்கு வேறு மருந்து இல்லை.

குணமாகி வீட்டுக்கு வந்து எட்டாம் நாள் காய்ச்சல், மூட்டுவலி, உடம்பெல்லாம் தடிப்பு. மிச்ச விஷம் தலைகாட்டுகிறதா?
– வாசகர், கள்ளக்குறிச்சி

இல்லை. இதற்குச் சீரம் நோய் என்று பெயர். தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோய்க்குக் குதிரைச் சீரம் போட்ட குழந்தைகளிடம் இதைக் கவனித்து, 1905-லேயே வியன்னாவில் ஃபான் பிர்கேயும் ஷிக்கும் விரிவாக எழுதிவிட்டார்கள். குதிரைப் புரதத்துக்கு எதிராக உங்கள் உடம்பு எதிர்ப்புரதம் செய்ய ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கிறது. ரத்தத்தில் மிச்சமிருக்கும் குதிரைப் புரதத்தோடு அது சேர்ந்து சிறு சிறு திரளாகி, மூட்டுகளிலும் தோலின் ரத்தக் குழாய்களிலும் சில சமயம் சிறுநீரகத்திலும் படிகிறது. படிந்த இடத்தில் அழற்சி. நெறியும் கட்டும். முதல் நாளிலிருந்து 12ஆம் நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

அரிப்புக்கான குளோர்பெனிரமின் மாத்திரையிலேயே பலருக்கு அடங்கும். ஓரிரு நாளில் அடங்காவிட்டால் 5 முதல் 7 நாள் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தருவார்கள். கடைக்காரரிடம் கேட்டு வாங்காமல், சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கே டிஸ்சார்ஜ் சீட்டோடு போங்கள். காய்ச்சலைப் பார்த்து டைபாய்டு என்று ஆரம்பித்துவிடாமல் இருக்க அந்தச் சீட்டுத்தான் காப்பு. சிறுநீர் குறைந்தாலும் நிறம் மாறினாலும் அன்றே போங்கள்.

ஒருமுறை கடிபட்டுப் பிழைத்தவருக்கு அடுத்த கடி ஏறாது என்பது உண்மையா?
– வாசகர், சத்தியமங்கலம்

நம்பி ஏமாறாதீர்கள். ஒரு கடியில் உருவாகும் எதிர்ப்புரதம் கொஞ்சம். அடுத்த கடியில் பல்லுக்குப் பின்னாலிருந்து வரும் மில்லிகிராம் கணக்கான விஷத்துக்கு அது ஈடுகொடுக்காது. உடம்பு விழித்துக்கொண்டு எதிர்ப்புரதத்தைப் பெருக்க நாட்கள் ஆகும், விஷத்துக்கோ நிமிடங்கள் போதும்.

அமெரிக்காவில் டிம் ஃப்ரீட் என்பவர் ஏறக்குறைய 18 ஆண்டுகள் தனக்குத்தானே பாம்பு விஷத்தை ஏற்றிக்கொண்டவர். அவருடைய ரத்தத்திலிருந்து பிரித்த இரண்டு எதிர்ப்புரதங்களோடு, பாஸ்போலிப்பேஸைத் தடுக்கும் வாரெஸ்ப்ளாடிப் என்ற மருந்தையும் சேர்த்து எலிகளில் சோதித்து 2025-இல் ஆய்வு வெளியிட்டார்கள். நாகம், கட்டுவிரியன் வகையறாவைச் சேர்ந்த 19 இனங்களில் 13-க்கு முழுப் பாதுகாப்பு கிடைத்தது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றுக்கு அது பொருந்தாது. இதை யாரும் வீட்டில் முயலவே கூடாது.

மறுகடியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பாம்பு பிடிப்பவர்கள் சிலருக்கு விஷத்துக்கு எதிராக ஐஜிஇ உருவாகி, காய்ந்த விஷத்தூள் மூக்கில் ஏறினாலே தும்மலும் இழுப்பும் வரும். அப்படிப்பட்டவர் கடிபட்டால் விஷம் வேலை செய்யுமுன்பே ஒவ்வாமை அதிர்ச்சியில் விழலாம். ஆனால் இந்த ஐஜிஇ-யும் மாஸ்ட் செல்லும் வெறும் தொல்லைக்காக உண்டானவை அல்ல. மாஸ்ட் செல்கள் கொட்டும் நொதிகளே சில பாம்பு நச்சுகளை நறுக்கி எலிகளைக் காப்பாற்றுகின்றன என்று ஸ்டான்ஃபோர்டின் ஸ்டீபன் கேலி குழு 2006-இல் காட்டியது. சிறு அளவு விஷத்துக்கு நல்ல காவல், பெரிய அளவில் அதே காவல் வீட்டை எரிக்கிறது.

வீக்கம் அழற்சியால் என்றால், ஐப்யூப்ரோஃபென், ஸ்டீராய்டு, ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் போதாதா?
– வாசகி, நாகர்கோவில்

ஐப்யூப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தத் தட்டணுக்களையும் முடக்கும். உறையாத ரத்தத்தோடு இருப்பவருக்கு அது எரிகிற தீயில் எண்ணெய். வலிக்குப் பாரசிட்டமால் போதும், பெரியவருக்கு ஒரு வேளைக்கு 500 மி.கி. முதல் 1 கிராம். ஸ்டீராய்டு, விஷத்தின் வீக்கத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை. ஐஸ், ஏற்கெனவே ரத்தம் குறைந்த சதையை மேலும் சாகடிக்கும். சிவந்து சூடாக இருப்பதைப் பார்த்துக் கிருமித் தொற்று என்று எண்ணி எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் போடவும் தேவையில்லை. சதை கறுத்தாலோ, சீழ் பிடித்தாலோ போடலாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். டெட்டனஸ் ஊசி கட்டாயம், ரத்தம் உறையத் தொடங்கிய பின்.

சுருட்டை விரியன் கடியில் சதை அழுகுவதற்கான காரணம் ஒன்றை மைசூர் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் வெளிக்கொண்டுவந்தார்கள். அங்கே வரும் நியூட்ரோஃபில்கள் தங்கள் டிஎன்ஏ-வையே வலையாக வீசுகின்றன. கிருமிகளைப் பிடிப்பதற்கான வலை அது. இங்கே விஷத்தையும் ரத்த ஓட்டத்தையும் சேர்த்து அதே இடத்தில் அடைத்துவிடுகிறது. எலிகளின் வாலில் டிஎன்ஏ-வைக் கரைக்கும் நொதியைச் செலுத்தியபோது சதை தப்பியது. மனிதர்களுக்கான சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை.

கடிபட்டவர் மெல்லும் சிறியாநங்கை இலை கசக்கவில்லையென்றால் விஷம் ஏறியிருக்கிறது என்பார்களே?
– வாசகர், அரூர்

நாக்கின் கசப்புக்கும் விஷத்துக்கும் தொடர்பில்லை. நல்ல பாம்போ கட்டுவிரியனோ கடித்திருந்தால் விழுங்கும் தசைகளும் தளரும். மென்ற இலை மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்.

எட்டு வயதுக் குழந்தைக்கு எவ்வளவு மருந்து?
– வாசகி, செங்கம்

பெரியவருக்குக் கொடுக்கும் அதே 10 குப்பி. குழந்தை என்று பாம்பு குறைத்து இறக்குவதில்லை. மருந்தைக் கலக்கும் சலைன் மட்டும் எடைக்குத் தக்கபடி, கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி. எதிர்வினை வந்தால் போடும் அட்ரினலின், கிலோவுக்கு 0.01 மி.கி. குழந்தையின் எடை தெரிந்தால் உள்ளே நுழையும்போதே சொல்லிவிடுங்கள்.